ரயில் வராத ஊரிலிருந்து ஒரு ரயில் விளக்குப் பாடம்



எங்க ஊர் பேரையூர். தாலுகா தலைநகர் என்ற பெருமை உண்டு, ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பார்க்கணும்னா ஒரு பக்கம் திருமங்கலம் போகணும், இன்னொரு பக்கம் உசிலம்பட்டி போகணும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் மாதிரி ரயிலுக்கு விளக்கு போடுவதைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காமல் படியுங்கள். இதில் ஓம் விதியும் இருக்கிறது, டயோடும் இருக்கிறது, ரிலேவும் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் கைக்கு வந்தது இந்த வேலையில்தான்.

துறைக் கண்காட்சிக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட மாதிரி, மதுரை - போடி ரயில் பாதையில் ஒரு லெவல் கிராசிங். 1928ல் ஓடத் தொடங்கிய பாதை அது. மீட்டர் கேஜாக இருந்ததை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம். எங்க அப்பா கிடை ஆடு மேய்க்கிறவர். உசிலம்பட்டிப் பக்கம் கிடை போடப் போகும்போது அந்தப் பாதையைத் தாண்டித்தான் ஆடுகளை ஓட்டுவார். ரயில் இல்லாத வருஷங்களில் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிப் பழகியவர், இப்போ கேட்டில் நின்று, சிக்னலைப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு ஓட்டுகிறார்.

நான் ராத்திரி உட்கார்ந்து சால்டர் வைப்பதைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: "ஏன்டா, பொம்மை ரயிலுக்கு லைட்டுப் போடுறதுக்கா மூணு வருசம் படிக்க அனுப்புனோம்?" எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

அளவு முதலில்

மாதிரி ரயிலில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 'ஹெச்.ஓ.' என்ற அளவு. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு, அதாவது 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தண்டவாளத்தில் போவது 12 வோல்ட் டி.சி. நம்ம ஐ.சி.எப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். 87ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. வரும். நாங்கள் அட்டையில் செய்த பெட்டிக்கு அதுதான் அளவு.

இப்போ விளக்கு. நம்ம லேபில் கிடைக்கும் 5 மி.மீ. எல்.இ.டி.யை எஞ்சின் முகத்தில் வைத்தால் என்ன ஆகும்? 5ஐ 87ஆல் பெருக்குங்கள். 43.5 செ.மீ.! எஞ்சின் நெற்றியில் சுளகு கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். 3 மி.மீ. எல்.இ.டி. என்றாலும் 26 செ.மீ., ஒரு தாம்பாளம். அதனால்தான் எஸ்.எம்.டி. என்ற கால் இல்லாத சின்ன எல்.இ.டி.க்குப் போக வேண்டியிருக்கிறது. '0805' என்றால் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். '0603' என்றால் 1.6க்கு 0.8. '0402' என்றால் 1க்கு 0.5, கிட்டத்தட்ட கடுகு. மாதிரியில் 0805 என்பது 17 செ.மீ. விளக்கு. எஞ்சின் முகப்புக்கு அது சரி. சிக்னலுக்கு 0603 போதும். 0402 பக்கம் புதுசாகச் செய்கிறவர்கள் போக வேண்டாம். தும்மினால் காணாமல் போகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்.இ.டி.யைத் தெரிந்துகொள்வோம்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962ல் அமெரிக்காவில் செய்து காட்டியவர் நிக் ஹோலோன்யாக். நீல எல்.இ.டி. வருவதற்கு அதன்பின் முப்பது வருஷம் ஆனது. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் வந்த பிறகுதான் வெள்ளை வந்தது. ஏனென்றால் வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான்.

இந்தக் கதை எதற்கு? வோல்ட்டேஜ் புரிவதற்கு. சிவப்பு எல்.இ.டி. எரிய சுமார் 2 வோல்ட் போதும். வெள்ளை உள்ளுக்குள் நீலம் என்பதால் அதற்கு சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே ரெசிஸ்டரில் பக்கம் பக்கமாக, ஒரே திசையில் இணைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை தூங்கும். முதல் நாள் நாங்கள் அதை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

ரெசிஸ்டர் கணக்கு

எல்.இ.டி.க்கு 'போதும்' என்று சொல்லத் தெரியாது. கொடுத்தால் கொடுத்த கரண்டை இழுத்துக் கருகிப் போகும். போதும் என்று சொல்கிறவர் ரெசிஸ்டர். கணக்கு எளிது: சப்ளை வோல்ட்டேஜில் எல்.இ.டி. வோல்ட்டேஜைக் கழித்து, கரண்டால் வகுக்கணும்.

வெள்ளைக்கு: 12 - 3 = 9 வோல்ட். கரண்டு 10 மில்லி ஆம்பியர் என்றால் 900 ஓம். கடையில் சுலபமாகக் கிடைப்பது 1 கிலோ ஓம். அதைப் போட்டால் 9 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் தாங்க வேண்டிய பவர் 81 மில்லி வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். முகப்பு விளக்குக்கு இது போதும். பெட்டிக்குள் எரியும் விளக்குக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இல்லையென்றால் பெட்டிக்குள் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் அடிக்கும்.

பற்றவைக்கும் வேலை

வயர் எது? சாதாரண வயர் எஞ்சினுக்குள் நுழையாது. எங்க ஊரில் போர் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. அங்கே மிச்சம் கிடந்த எனாமல் கம்பிதான் எங்களுக்குக் கை கொடுத்தது. 38 கேஜ் கம்பி 0.15 மி.மீ. கனம், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். எனாமலே இன்சுலேஷன். நுனியை மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டி, சால்டர் பூசிவிட வேண்டும்.

எல்.இ.டி.யைக் கையால் பிடிக்க முடியாது. அட்டையில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, அதன்மேல் எல்.இ.டி.யைச் சாமணத்தால் வைத்தால் அசையாது. ஃப்ளக்ஸ் ஒரு சொட்டு. கூர்முனை சால்டரிங் அயர்ன். ஒரு முனைக்கு இரண்டு நொடி, அதற்குமேல் வேண்டாம். ஒரு முனை முடிந்ததும் ஆற விட்டு அடுத்ததற்குப் போங்கள். அவசரப்பட்டால் எல்.இ.டி. அயர்ன் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

எது பாசிட்டிவ், எது நெகட்டிவ்? பல எல்.இ.டி.களில் நெகட்டிவ் பக்கம் பச்சைக் குறி இருக்கும். ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இல்லை. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள், மங்கலாக எரியும். எரிந்த திசையைக் குறித்துக்கொண்டு பிறகு பற்றவையுங்கள். பற்றவைத்த பிறகும் ஒரு தடவை. எஞ்சினுக்குள் ஒட்டிய பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு

டி.சி. மாதிரி ரயிலில் திசையை மாற்றுவது தண்டவாளத்தின் பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றித்தான். இதில் ஒரு வசதி, ஒரு ஆபத்து.

ஆபத்து முதலில். எல்.இ.டி. தலைகீழ் வோல்ட்டேஜ் அதிகம் தாங்காது. பெரும்பாலும் 5 வோல்ட்தான் அதன் எல்லை. ரயிலைப் பின்னால் ஓட்டினால் 12 வோல்ட்டும் தலைகீழாக அதன்மேல் உட்காரும். அப்படி இரண்டு வெள்ளை எல்.இ.டி.களை நான் பலி கொடுத்தேன்.

வசதி என்னவென்றால், ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும். முன்னால் போகும்போது வெள்ளை எரியும், பின்னால் போகும்போது சிவப்பு எரியும். அதுமட்டுமில்லை, எரிகிற விளக்கு எரியாத விளக்கைக் காப்பாற்றும். வெள்ளை எரியும்போது சிவப்பின் மேல் தலைகீழாக விழுவது 3 வோல்ட்தான். சிவப்பு எரியும்போது வெள்ளையின் மேல் 2 வோல்ட்தான். சுவிட்ச் இல்லை, ஐ.சி. இல்லை, மூன்றே பொருள். இதை வரைந்து பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமில்லை.

பெட்டிக்குள் வெளிச்சம்

பெட்டி விளக்கு எந்தத் திசையில் போனாலும் எரிய வேண்டும். அதனால் நாலு டயோடு வைத்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர். அதில் 1.4 வோல்ட் போய்விடும், மிச்சம் 10.6. மூன்று வெள்ளை எல்.இ.டி.யை வரிசையாகப் போட்டால் கரண்டு மிச்சம்தான். ஆனால் 9 வோல்ட் இல்லாமல் எரியாது. ரயில் மெதுவாகப் போகும்போது தண்டவாளத்தில் 5, 6 வோல்ட்தானே இருக்கும்? நிலையத்தில் நுழையும்போது பெட்டி இருண்டுவிடும். அதனால் எல்.இ.டி.களைப் பக்கம் பக்கமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக 4.7 கிலோ ஓம் கொடுத்தோம். ஒன்றுக்கு 1.6 மில்லி ஆம்பியர். நாலு எல்.இ.டி.க்கும் சேர்த்து ஆறரை. வெளிச்சம் அளவாக இருந்தது.

தண்டவாளத்தில் தூசி பட்டால் விளக்கு விட்டு விட்டு எரியும். அதற்கு 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, அதனோடு வரிசையாக 100 ஓம். சுமார் அரை நொடி தாங்கும். தூசியைத் தாண்ட அது போதும். கெப்பாசிட்டரைப் படுக்க வைத்துக் கழிவறை மூலையில் மறைத்துவிட்டோம்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பட்டு ஜன்னல் பிளாஸ்டிக் வெள்ளை பூத்துவிடும். மரவேலைக்கு உபயோகிக்கும் வெள்ளைப் பசை போதும், காய ஒரு ராத்திரி ஆகும்.

கடைசிப் பெட்டியின் சிவப்பு

ரயிலின் கடைசியில் விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. அந்த விளக்கோ, பகலில் கடைசிப் பெட்டிக்கான பலகையோ நிலையத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாக வந்தது என்று அர்த்தம். காணோம் என்றால் நடுவில் பெட்டி கழன்று பாதையில் நிற்கலாம்.

மாதிரியில் இதற்கு 555 ஐ.சி. போதும். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட். 1.44ஐ (10 + 2 x 68) கிலோ ஓமுக்கும் 10 மைக்ரோஃபாரடுக்கும் உண்டான பெருக்கலால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சப்ளையிலேயே ஓடும்.

கேட்டும் சிக்னலும்

இங்கேதான் நான் பாடம் படித்த இடம் வருகிறது. எங்களுக்கு எஞ்சினை இரவல் கொடுத்தவர் மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற சிக்னல் மெயின்டெய்னர் ஐயா ஒருவர். "பத்திரம் தம்பி" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அந்த எஞ்சினின் பக்கவாட்டில் என் அயர்ன் பட்டு ஒரு தழும்பு விழுந்துவிட்டது. இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அவர் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, மாதிரியைக் காட்டு" என்று வந்தார்.

எல்லா விளக்கையும் எரியவிட்டுக் காட்டினேன். சிக்னலுக்குத் தனி சுவிட்ச், கேட்டுக்குத் தனிக் கைப்பிடி. பச்சை பளிச்சென்று எரிந்தது, ரயில் ஜோராகப் போனது. ஐயா சிரிக்கவில்லை.

"தம்பி, பச்சை எரியுது. கேட்டு தொறந்து கெடக்கு. இப்ப ரோட்டுல எத்தனை பேர் போனான்னு எண்ணுனியா?"

எஞ்சினில் விழுந்த தழும்புக்குத் திட்டாதவர் இதற்குத் திட்டினார். அவர் விளக்கிச் சொன்னது இது. இன்டர்லாக் செய்த கேட்டில் சிக்னல் எப்போதும் சிவப்பில்தான் இருக்கும். கேட்டை மூடிப் பூட்டினால் மட்டுமே சிக்னலை எடுக்க முடியும். சிக்னல் எடுத்திருக்கும்போது கேட்டைத் திறக்க முடியாது. கம்பி அறுந்தாலும், கருவி கெட்டாலும் சிவப்புப் பக்கமே விழ வேண்டும். விளக்கே எரியாத சிக்னலைக்கூட டிரைவர் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகளை 2019 ஜனவரியோடு முழுக்க எடுத்ததும் இந்த உயிர்ப் பயத்தால்தான்.

அன்று ராத்திரி சிக்னல் சுவிட்சைக் கழற்றி எறிந்தோம். பதிலாகச் செய்தது இது:

1. இரண்டு கேட் கம்பின் கீழும் ஒரு மைக்ரோ சுவிட்ச். கம்பு முழுசாக இறங்கினால்தான் சுவிட்ச் அழுந்தும்.

2. இரண்டு சுவிட்சையும் வரிசையாக இணைத்து, 12 வோல்ட் ரிலே காயிலுக்கு. ஒரு கேட் பாதியில் நின்றாலும் ரிலே இழுக்காது. டிஜிட்டல் பாடத்தில் 'அண்டு கேட்' என்று படித்தோமே, அது நிஜமான கேட்டாகவே வந்து நின்றது!

3. ரிலேயின் ஒரு ஜோடி காண்டாக்ட் சிக்னலுக்கு. ரிலே சும்மா இருந்தால் சிவப்பு, இழுத்தால் பச்சை.

4. இன்னொரு ஜோடி தண்டவாளத்துக்கு. சிக்னலுக்கு முன்னால் எஞ்சினைவிட நீளமான ஒரு துண்டைத் தனியாக வெட்டிப் பிரித்து, அதற்கு மின்சாரம் இந்த ரிலே வழியாக. சிவப்பென்றால் எஞ்சின் தானே நிற்கும்.

5. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, தலைகீழாக. இல்லையென்றால் காயில் விடும்போது எழும் வோல்ட்டேஜ் சுவிட்ச் காண்டாக்ட்டைத் தின்றுவிடும்.

சோதனைக்கு ரிலே கம்பியை வேண்டுமென்றே பிடுங்கினேன். சிவப்பு எரிந்தது, ரயில் நின்றது. ஒரு குறை உண்டு. மின்சாரமில்லாத துண்டில் நிற்கும் எஞ்சினின் முகப்பு விளக்கும் அணைந்துவிடும். டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் வோல்ட்டேஜ் இருப்பதால் நின்றாலும் விளக்கு எரியும். அது எங்கள் கைக்காசுக்கு எட்டவில்லை. அடுத்த செட் நண்பர்கள் முயற்சி செய்யலாம்.

செய்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

வீணான எல்.இ.டி. பல்பைப் பிரித்து மணிகளை எடுப்பது மிச்சம்தான், நானும் எடுத்தேன். ஆனால் பல மணிகளுக்குள் இரண்டு மூன்று சில்லுகள் வரிசையாக இருக்கும். 6 வோல்ட், 9 வோல்ட், அதற்குமேலும் கேட்கும். மீட்டரில் எரியவில்லை என்று பத்து மணியைக் குப்பையில் போட்ட பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

திருவிழா சீரியல் செட்டை அப்படியே தண்டவாளப் பக்கம் கொண்டு வரவே வராதீர்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் ஓடும் செட்டுகள் அதில் உண்டு. மாதிரிக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும், அதற்கு ஒரு ஃபியூஸும் போடுங்கள்.

ஆர்வம் வந்தால் பார்க்க வேண்டிய இடம் சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம். புனேயில் 1998ல் திறந்த ஜோஷி குறு ரயில் அருங்காட்சியகமும் உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001ல் திறந்த மினியேச்சர் வொண்டர்லேண்டில் பகல் மங்கி ராத்திரி ஆக, லட்சக்கணக்கான எல்.இ.டி. எரியுமாம். நமக்கு இருபது போதும்.

முடிவாக

கண்காட்சி அன்று அப்பா வந்தார். நம்ம கேம்பஸுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மேசை ஓரமாக நின்று ரயில் இரண்டு சுற்று போவதைப் பார்த்தார். பிறகு கேட் கம்பை விரலால் மெல்லத் தூக்கினார். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அடுத்த சுற்றில் வந்த ரயில் சிக்னலுக்கு முன்னால் நின்றது. விரலை எடுத்தார், கம்பு இறங்கியது, ரயில் கிளம்பியது. மறுபடி தூக்கினார். மூன்று தடவை அப்படியே செய்து பார்த்தார்.

"ஆடு பாதித் தூரம் தாண்டும்போது கேட்டு மூட முடியாம நின்னா?"

"அப்ப பச்சை வராதுப்பா. எத்தனை நேரம் ஆனாலும் வராது."

தலையை ஆட்டினார். பொம்மை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

நண்பர்களே, விளக்கு சின்னதுதான், கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எந்த விளக்கு எப்போது எரியக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் நம் படிப்பு என்று நினைக்கிறேன். செய்து பாருங்கள். எங்கள் சர்க்யூட் படம் துறை ஆய்வகத்தில் ஒட்டியிருக்கிறது. மீதமான எனாமல் கம்பியும் என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.